அக்குபஞ்சருக்கு முதல்முறை போகப்போகிறேன்: என்ன நடக்கும்? எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

திருப்பூர்த் தையல்காரி (ஞாயிறு, மாலை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. பதினாறு ஆண்டுகளாகத் திருப்பூரில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்டு முடிந்து எழுந்திருக்க இரவு எட்டரை ஆகிவிடும். ஒரு வருடமாக வலது தோள்பட்டையிலிருந்து பின்கழுத்து வரை வலி. கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை, மகள்தான் போட்டுவிடுகிறாள்.

எலும்பு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் கழுத்தெலும்பு லேசாகத் தேய்ந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அவர் கொடுத்த வலி மாத்திரையைச் சாப்பிடும் நாளில் வலி அடங்குகிறது. ஆனால் இரவெல்லாம் வயிறு எரிகிறது. பக்கத்து வீட்டு அக்கா, தனக்கு அக்குபஞ்சரில் இடுப்பு வலி குறைந்தது, நீயும் போய்ப் பார் என்கிறார்.

எனக்கு ஊசி என்றாலே உடம்பு நடுங்கும். ஐந்து வருடத்துக்கு முன்பு மெஷின் ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. அந்த நினைவு இன்னும் போகவில்லை. எத்தனை ஊசி போடுவார்கள், எவ்வளவு நேரம் இருக்கும், எவ்வளவு வலிக்கும், எந்த உடையில் போக வேண்டும்? இரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அதை நிறுத்த வேண்டுமா? சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் போகலாம் என்றிருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பவானி ஜமக்காளம் (ஞாயிறு, இரவு)

அம்மிணி, நான் பவானியில் முப்பது வருடம் குழித்தறியில் ஜமக்காளம் நெய்தவள். நான் சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறான். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்து மிதித்து இரண்டு முழங்காலும் போய்விட்டன. போன ஆண்டு அக்குபஞ்சர் பார்த்தேன். எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் நாள் ஊசியைவிடப் பேச்சுத்தான் அதிகம். வலி காலையில் கூடுமா மாலையில் கூடுமா, வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கிறதா, தூக்கம் எப்படி, தாகம் எப்படி, வெளிக்கு ஒழுங்காகப் போகிறதா, மாதவிலக்கு நின்று எத்தனை வருடம் என்று அரை மணி நேரத்துக்கு மேல் கேட்டார். முழங்கால் வலிக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கேட்டதற்கு, எங்கள் முறையில் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்போம் என்றார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு போயிருந்தேன், நாக்கெல்லாம் சிவப்பு. நிறமே தெரியவில்லை அம்மா, அடுத்த முறை வெற்றிலையும் காபியும் இல்லாமல் வாருங்கள் என்றார். இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து வெகு நேரம் நாடி பார்த்தார்.

அப்புறம் படுக்கச் சொன்னார். ஒவ்வொரு ஊசியையும் என் கண்முன்னால் உறை பிரித்துத்தான் எடுத்தார். மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசி இருக்கிறது. குழாயைத் தோலில் நிறுத்தி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சிற்றெறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான். குழாயை எடுத்துவிட்டு ஊசியை மெதுவாகத் திருகியபோதுதான் வேறு மாதிரி இருந்தது. முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளிப் போட்ட ஊசியில், உள்ளுக்குள் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் ஒரு கனம். அது கெண்டைக்கால் வழியாகக் கணுக்கால் வரை இறங்கியது. சொன்னேன். போதும் என்று கையை எடுத்துவிட்டார். மொத்தம் எட்டு ஊசி. விளக்கைத் தணித்துவிட்டு இருபத்தைந்து நிமிடம் அப்படியே விட்டார். நான் தூங்கிவிட்டேன். எடுக்கும்போது வாய்விட்டு எண்ணினார்: போட்டது எட்டு, எடுத்தது எட்டு. அந்த எண்ணிக்கை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் தடவையில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வலி கொஞ்சம் கூடுதலாகக்கூட இருந்தது. நாலாவது ஐந்தாவது தடவைக்குப் பிறகுதான் கூடுதுறையில் படிக்கட்டு இறங்கி ஏற முடிந்தது. முழுதாகப் போகவில்லை. சம்மணம் போட்டு உட்கார இன்றும் முடியாது. ஒரு தடவைக்கு நானூறு ரூபாய் கொடுத்தேன். தொளதொளவென்று முழங்கை, முழங்கால் வரை ஏற்றிவிடக்கூடிய உடையில் போ. தோள்பட்டைக்கு என்றால் சுடிதாரைவிட முன்பக்கம் திறக்கும் நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு நல்லது.

ஈரோடு இயற்கை மருத்துவர் (திங்கள், காலை)

நான் இயற்கை மருத்துவமும் யோகமும் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பாகப் படித்தவள். அக்குபஞ்சர் எங்கள் பாடத்தில் உண்டு. பவானி அம்மா சொன்னது ஏறக்குறைய எல்லா இடத்திலும் நடப்பதுதான். மருத்துவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அக்கா, முதலில் உங்கள் பயத்தைப் பற்றி. தமிழில் தைக்கிற ஊசி, மருந்து ஏற்றுகிற ஊசி, இந்த ஊசி எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அதனால் ஒன்றின் வலியை மற்றொன்றின்மேல் ஏற்றிவிடுகிறோம். உங்கள் மெஷினில் 11-ஆம் நம்பர் ஊசி போட்டிருப்பீர்கள். அதன் பெட்டியில் 75 என்றும் அச்சிட்டிருக்கும். 0.75 மில்லிமீட்டர் தடிமன் என்று பொருள். நான் பயன்படுத்துவது 0.25 மில்லிமீட்டர். உங்கள் விரலைத் துளைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. மருந்து ஏற்றும் ஊசி உள்ளே துளையுள்ள குழல், நுனி சரிவாகச் சீவியிருக்கும், தசையை வெட்டிக்கொண்டு போகும். இது கெட்டியான கம்பி, மருந்து எதுவும் ஏறாது. பயம் போகாவிட்டால் முதல் நாள் இரண்டே ஊசி போதும் என்று நீங்களே சொல்லலாம். நல்ல மருத்துவர் ஒப்புக்கொள்வார்.

பவானி அம்மாவுக்கு இறங்கிய அந்தக் கனத்தைச் சீனத்தில் தே ச்சி என்பார்கள். கனம், அமுக்கம், மரமரப்பு, லேசான மின்னோட்டம், இப்படி ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். ஆனால் சுரீரென்று வெட்டினாலோ தீயாக எரிந்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். அது நரம்பிலோ இரத்தக் குழாயிலோ பட்டிருக்கலாம். உடனே சொன்னால் ஊசியை நகர்த்திவிடுவோம்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். முதல்முறை வருபவர்களில் சிலருக்குத் தலைசுற்றி வியர்த்துவிடும். பசியும் பயமும் சேர்ந்தால் அது அதிகம். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உட்காரவைத்துப் போடுவதைவிடப் படுக்கவைத்துப் போடச் சொல்லுங்கள். முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்க வேண்டாம். ஊசி எடுத்த இடத்தில் ஒரு துளி இரத்தமோ பயறளவு கன்றலோ வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

உங்கள் பிரச்சினை தோள்பட்டை என்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே, மேட்டின் உச்சியில் ஜியான்ஜிங் என்று ஒரு புள்ளி, அதாவது ஊசி போடும் இடம். தையல் வேலை செய்பவர்கள் அமுக்கிவிடச் சொல்லும் இடம் அதுதான். அதற்கு நேர் கீழே நுரையீரலின் மேல்முனை இருக்கிறது. அங்கே ஆழமாக, செங்குத்தாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழுந்து காற்றுக் கசியலாம். மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. பயின்றவர்கள் தசையைக் கிள்ளித் தூக்கி, சாய்வாக, மேலோட்டமாகத்தான் போடுவார்கள். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எங்கே ஊசி போட்டார்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

கழுத்து வலிக்குக் கழுத்தில்தான் ஊசி விழும் என்றில்லை. சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை ஓரத்தில் ஹௌசி என்ற புள்ளியில் போட்டுவிட்டு, மெதுவாகத் தலையைத் திருப்பச் சொல்வார்கள். வியப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது. வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள் இதை வாய் திறந்து முதலிலேயே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் இணைக்கும் முறை கூடாது.

கையில் மரத்துப்போதல், பிடித்த பொருள் நழுவுதல், நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஏதாவது உண்டா? இருந்தால் ஊசிக்கு முன் மீண்டும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

திருப்பூர்த் தையல்காரி (திங்கள், மதிய உணவு நேரம்)

மரமரப்பு இல்லை டாக்டர். துணியும் நழுவவில்லை. வலி மட்டும்தான். 75 என்று பெட்டியில் போட்டிருப்பதை இன்றுதான் பார்த்தேன், இத்தனை வருடமாக அது என்னவென்று தெரியாது. மிக்க நன்றி.

பொள்ளாச்சி வாத்தியார் (திங்கள், இரவு)

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். அம்மிணி, நீ ஆறு தடவை போனால் உன் ஒரு வாரச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் இது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்டதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படியான அக்குபஞ்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி, அதாவது ஒப்புக்குச் செய்வது. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். 2007-இல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 47.6 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. ஒப்புக்குப் போட்ட பிரிவில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4.

இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் எண்ணையும் மூன்றாவதையும் மட்டும் காட்டி அற்புதம் என்பவர்கள் உண்டு. முதல் இரண்டை மட்டும் காட்டி வெறும் மனப்பிரமை என்பவர்களும் உண்டு. வலி உண்மையாகவே குறைகிறது. ஆனால் இந்தப் புள்ளியில்தான் குத்த வேண்டும், இந்த நாடிக்கு இந்தப் புள்ளி என்ற பகுதிக்கு அந்த ஆய்வில் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. குத்துதலும், அமைதியாகப் படுத்திருப்பதும், ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து நம் கதையைக் கேட்பதும் சேர்ந்து ஏதோ செய்கின்றன. இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறை வகுக்கும் நைஸ் என்ற அரசு அமைப்பே 2016-இல் இடுப்பு வலிக்கு அக்குபஞ்சர் வேண்டாம் என்றது. 2021-இல், தெளிவான காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்றது. அறிந்தவர்களே இப்படி இழுபறியில் இருக்கும்போது, எல்லா நோயும் தீரும் என்று பலகை வைத்திருக்கும் இடத்தை நீ நம்பாதே.

இந்த முறையின்மேல் எனக்குப் பகை கிடையாது. 1938-இல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் சோலாப்பூர்க்காரர் கோட்னிஸ் அங்கேயே 1942-இல் இறந்தார். அதே குழுவில் போன வங்காளத்து மருத்துவர் பாசுதான் பின்னாளில் மறுபடி சீனா சென்று அக்குபஞ்சர் கற்று, 1950-களின் இறுதியில் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவர் நவீன மருத்துவம் படித்தவர். ஊசியைக் கற்றதற்காக மருந்தை எறிந்துவிடவில்லை.

காங்கேயத்தான் (திங்கள், நள்ளிரவு)

வாத்தியார் கடைசியில் எழுதிய வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை நோய். தேங்காய்க் களத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் கால் எரிச்சலுக்காக ஒருவரிடம் அழைத்துப்போனேன். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். ஊசிகூடப் போடவில்லை, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டார். நல்ல மனிதர், பணமும் அதிகம் வாங்கவில்லை. மாத்திரைதான் உடம்பைக் கெடுக்கிறது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பசித்தால் சாப்பிடுங்கள், தாகம் எடுத்தால் குடியுங்கள் என்றார். அப்பாவுக்கு மகிழ்ச்சி. மாத்திரை சாப்பிடச் சலித்துப்போன மனிதரிடம் நிறுத்து என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

மூன்று மாதம். சர்க்கரை பரிசோதனையும் செய்யக் கூடாது, எண்ணைப் பார்த்தால் பயம் வந்து நோய் கூடும் என்றார். இடையில் பெருவிரலில் தேங்காய் ஓடு குத்திப் புண் வந்தது. சீழ் வைத்தது. தொலைபேசியில் கேட்டேன். கழிவு வெளியேறுகிறது, தடுக்காதீர்கள் என்றார். நாற்றம் வந்தபோது அம்மாதான் அழுதுகொண்டே அரசு மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள். பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள்.

அழைத்துப்போனவன் நான். அக்கா, கழுத்து வலிக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கழிவு வெளியேறுகிறது என்ற சொல் காதில் விழுந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கோபி நாடி (செவ்வாய், காலை)

காங்கேயத்து அண்ணனுக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் தொடுசிகிச்சையை முழுவதும் தவறு என்று சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பத்து வருட ஒற்றைத் தலைவலி. நான்கு மாதம் ஒற்றைப் புள்ளி சிகிச்சை எடுத்தேன். இப்போது மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். பசித்துச் சாப்பிடு, நேரத்தில் தூங்கு என்று அவர்கள் சொல்லித்தான் நான் இரவு பதினொரு மணிக்குப் புரோட்டா சாப்பிடுவதை விட்டேன். நாடி பார்த்துப் புள்ளி தொடுகிற எங்கள் ஆசான், வேறு மருந்தை நிறுத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவர் செய்த பிழைக்கு முறையையே குற்றம் சொல்லலாமா?

ஈரோடு இயற்கை மருத்துவர் (செவ்வாய், இரவு)

கோபி தம்பி, உங்களுக்குத் தலைவலி குறைந்ததை நான் மறுக்கவில்லை. ஒற்றைத் தலைவலி வரும் தடவைகளைக் குறைப்பதில் அக்குபஞ்சர் பயன்படுகிறது என்பதற்கு நல்ல ஆய்வுகளே உள்ளன. தூக்கமும் வேளை தவறாத உணவும்கூட அதைத் தடுக்க உதவும். ஆனால் காங்கேயத்து அண்ணன் சொன்னதை ஒருவர் செய்த பிழை என்று ஒதுக்க என்னால் முடியாது. என்னிடமே மாதந்தோறும் யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார்கள். எல்லாரும் கொண்டுவருவது அதே இரண்டு வார்த்தைகள்: மருந்து நஞ்சு, கழிவு வெளியேறுகிறது.

தெளிவாகச் சொல்கிறேன். இன்சுலினை நம்பியே வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயாளி அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்தாகிவிடும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். தைராய்டு, இரத்த அழுத்தம், இதய மருந்துகள் எதையும் நிறுத்தச் சொல்ல அக்குபஞ்சர் செய்பவருக்கு உரிமை கிடையாது. குறைக்க வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்த மருத்துவர்தான், பரிசோதனை எண்ணைப் பார்த்துக் குறைக்க வேண்டும். காய்ச்சல், சீழ், மூச்சுத்திணறல் எதுவும் கழிவு நீக்கம் அல்ல. பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களிடமும் போகாதீர்கள்.

மத்திய சுகாதாரத் துறை 2003 நவம்பரில் வெளியிட்ட ஆணை, அக்குபஞ்சரைச் சிகிச்சை முறையாக ஏற்று, பதிவுபெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்றது. உரிய பயிற்சி என்பதற்கு ஆளுக்கொரு பொருள் சொல்லிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுக்கும் இடமும் அந்த வார்த்தையைத்தான் காட்டுகிறது. ஆகவே அக்கா, நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்: எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள்? பதிவு எண் உண்டா? ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா? பயன்படுத்திய ஊசியை எதில் போடுகிறீர்கள்? மூடியுள்ள கெட்டியான டப்பா இருக்க வேண்டும். எத்தனை தடவையில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்தலாம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஐந்து ஆறு என்று ஏதாவது எண் சொல்பவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே அக்குபஞ்சர் உண்டா என்று முதலில் கேட்டுப் பாருங்கள், உங்களுக்குச் செலவே இருக்காது.

பல்லடத்துக்காரி (புதன், காலை)

இடையில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு மூன்றாவது மாதம் நடக்கிறது. வாந்தி தாங்கவில்லை, அரிசிம்பருப்புச் சாதம் தாளிக்கிற வாசனைகூட ஆகவில்லை. மணிக்கட்டில் அமுக்கினால் நிற்கும் என்கிறார்கள். செய்யலாமா டாக்டர்?

ஈரோடு இயற்கை மருத்துவர் (புதன், காலை)

செய்யலாம் கண்ணு, ஊசி இல்லாமல் விரலாலேயே. உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் மேலே, கயிறுபோல் தெரியும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்து. நெய்குவான் என்று பெயர். அறுவை சிகிச்சைக்கும் புற்றுநோய் மருந்துக்கும் பின்வரும் குமட்டலுக்கு அக்குபஞ்சர் பயன் தருகிறது என்று 1997-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவே ஏற்றது. கர்ப்ப காலக் குமட்டலுக்கு ஆதாரம் அவ்வளவு உறுதி இல்லை, ஆனால் அமுக்குவதால் கெடுதல் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையையும், கணுக்காலுக்கு மேலே உட்பக்கத்தையும், தோள்பட்டை உச்சியையும் யாரும் அழுத்தவோ குத்தவோ விடாதே. தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் இன்றே மகப்பேறு மருத்துவரிடம் போ.

திருப்பூர்த் தையல்காரி (அடுத்த ஞாயிறு)

போய்விட்டு வந்தேன். அரசு மருத்துவமனையில் கேட்டேன். அங்கே எனக்குத் தோதான நேரம் கிடைக்கவில்லை. அதனால் வெளியில் ஒருவரிடம் போனேன். பட்டம் படித்தவர், பதிவு எண் சுவரில் மாட்டியிருந்தது. டாக்டர் எழுதிய கேள்விகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். கேட்கும்போது குரல் நடுங்கியது. அவர் கோபப்படவில்லை. காகிதத்தை வாங்கி அவரே ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னார். மஞ்சள் டப்பாவை எடுத்து ஆட்டிக் காட்டினார், உள்ளே ஊசிகள் சலசலத்தன. ஆறு தடவையில் மாற்றம் இல்லாவிட்டால் நானே நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்றார். மாத்திரை அட்டையை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்பக்கம் இருந்த பெயரைப் படித்து எழுதிக்கொண்டார். இரத்த அழுத்தமும் பார்த்தார்.

குப்புறப் படுக்கவைத்து, முகத்துக்கு நடுவில் ஓட்டை வைத்த தலையணை கொடுத்தார். முதல் ஊசிக்கு முன் உடம்பெல்லாம் கல்லாகிவிட்டது. அவர் என் கையில் ஒரு ஊசியைக் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வளைத்தேன், முடிபோல வளைந்தது. ஓவர்லாக் ஊசி வளையாது, உடையும். அதைப் பிடித்துப் பார்த்ததும்தான் மூச்சு விட்டேன். தோள்பட்டை உச்சியில் தசையைக் கிள்ளிப் பிடித்துச் சாய்வாகத்தான் போட்டார். டாக்டர் எழுதியிருந்ததால் எனக்குத் தெரிந்தது. ஐந்து ஊசி. ஒன்று மட்டும் கழுத்தோரம் சுரீரென்றது. சொன்னேன், எடுத்து மாற்றிப் போட்டார். இருபது நிமிடம். எழுந்தபோது கொஞ்சம் தலை கனத்தது. தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிடம் உட்காரவைத்தார். வலி அன்றைக்குக் குறையவில்லை.

அவர் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து தைப்பதுபோல் நாற்காலியில் நடித்துக் காட்டச் சொன்னார். வலது தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டே தைக்கிறீர்கள், உங்கள் ஸ்டூல் மட்டம் தாழ்வு என்றார். பதினாறு வருடமாக இதை யாரும் பார்த்துச் சொன்னதில்லை.

திருப்பூர்த் தையல்காரி (அதிலிருந்து ஐந்து வாரம் கழித்து)

ஆறு தடவை முடிந்தது. பத்தில் எட்டாக இருந்த வலி இப்போது நாலு. வலி மாத்திரை வாரத்தில் ஒருநாள்தான் போடுகிறேன், வயிறு எரிச்சல் இல்லை. பிசியோதெரபி பயிற்சியும் இரண்டு வேளை செய்கிறேன். சூப்பர்வைசரிடம் பேசி ஸ்டூலுக்கு அடியில் நாலு விரல் உயரத்துக்குப் பலகை அடித்துக்கொண்டேன். எது எவ்வளவு வேலை செய்தது என்று வாத்தியார் ஐயா கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது தடவை பயறளவு கன்றியது, மூன்றாம் நாள் போய்விட்டது. இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நேற்று கொண்டை நானே போட்டுக்கொண்டேன், கொஞ்சம் கோணலாக.

காங்கேயத்தான்

மகிழ்ச்சி அக்கா. அப்பாவுக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. விரல் இல்லாமல் சாய்ந்து நடப்பதால் இடுப்பு வலி வந்துவிட்டது. ஊசி பார்க்கலாமா என்று அவரே கேட்கிறார். எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் மாத்திரை அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார் என்று எழுதினீர்களே, அதற்காகக் கேட்கிறேன். அவர் திங்கட்கிழமை இருப்பாரா?

ஈரோடு இயற்கை மருத்துவர்

போகலாம் அண்ணா. பாதத்திலும் கணுக்காலுக்குக் கீழேயும் ஊசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கு அங்கே உணர்ச்சி குறைவாக இருக்கும், புண் வந்தால் எளிதில் ஆறாது. கடைசியாக எடுத்த சர்க்கரை அறிக்கையும் கொண்டுபோங்கள்.

திருப்பூர்த் தையல்காரி

திங்கள் விடுமுறை தம்பி. செவ்வாய் முதல் சனி வரை மாலை ஐந்திலிருந்து எட்டு. சனிக்கிழமை கூட்டம் இருக்கும், புதன்கிழமை வாருங்கள். மாடிப்படி உண்டு, பதினெட்டுப் படி. அப்பாவுக்குக் கைப்பிடிக் கம்பி இடது பக்கம்தான் இருக்கிறது.